பிழைதிருத்தம்

பக்கத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மூன்று மொழியிலும் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டுமாம்.
மூன்றாவது மொழி நான்.

கொட்டாஞ்சேனையில் மாடியறை.
கீழே மீன் லொறிக்கு ஐஸ் உடைக்கும் சத்தம்.
மாதெல்கந்தையின் காரீயச் சுரங்கத்தை
யாரும் மண்வெட்டி போடுமுன்
நூற்றெண்பது மீட்டர் ஆழத்துக்கு
என் மேசையில் தோண்டி முடித்தேன்.

வெடியதிர்வு போய்த் தொடக்கூடிய
வீடு, பள்ளிக்கூடம், மாட்டுக்கொட்டில், விகாரை
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரே சொல்.
அகராதி "ஏற்பி" என்றது.
இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தேன்,
வேறு சொல் வரவில்லை.
ஏற்பிகள் பதினான்கு.
வௌவால் இனம் ஆறு.
கிணறுகள் பதினொன்று.

கம்பனிப் பொறியியலாளர் ரவிஷ்க
ஒரு துண்டு காரீயம் தந்தார்.
கல் மாதிரி இல்லை,
பாரை மீனின் வயிறுபோல் வழுக்கியது.
"பற்றரிக்கு இது வேணும், மிஸ்.
பெற்றோல் கியூவில ரெண்டு ராத்திரி நிண்டது மறந்திட்டீங்களா?"
மறக்கவில்லை.
அந்த வரிசையில்தான் என் மச்சான் மயங்கி விழுந்தான்.
மூன்று நாள் சோப்புப் போட்டும்
பெருவிரல் ரேகை கறுப்பாகவே மினுங்கியது.

முப்பது நாள் தவணை.
முப்பத்தோராம் நாள்
ராஜகிரிய மேம்பாலத்தில் பஸ் நின்று நின்று
நான் பத்தரமுல்லை போய்ச் சேர
பிரதிகள் திரும்பி வந்திருந்தன.
சிங்களப் பிரதியில் மடித்த காதுகள், தேநீர் வட்டம்,
ஹாமதுருவின் நாலு பக்கக் கடிதம்.
ஆங்கிலப் பிரதி
அச்சகத்து வாசனை குறையாமல்.
என்னுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்தேன்.

தானாகவே திறந்துகொண்டது
பக்கம் 147.
ஓரத்தில் பென்சில், அழுத்தி,
அடுத்த தாள்வரை பள்ளம் விழ:
"எங்க கெணறு இதுல இல்லியே.
லயத்துக்குக் கீழ, பலா மரத்துக்கிட்ட.
வந்து பாருங்க.
மு. பவளக்கொடி."

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
147 வரை வந்திருக்கிறாள்.
"ஏற்பி"யையும் தாண்டி.

திருமதி விஜேகோன் கெட்டவர் இல்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:
கருத்து என்றால் மையில் இருக்கவேண்டும்,
திகதி, முகவரி, பதிவுத் தபால்.
பென்சில் ஆவணமாகாது.
அழித்துவிட்டுக் கோப்பில் சேருங்கள்.
இழுப்பறையில் தேடி
அழிறப்பர் ஒன்றும் எடுத்துத் தந்தார்.

ஜன்னலுக்கு வெளியே தியவன்னாவில்
நீர்க்காகமொன்று சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது.
எனக்கு ஒன்றுதான் ஓடியது:
அவள் கிணற்றுக்கு அடியில் கிடப்பது எதுவோ
அதைக்கொண்டே அவள் எழுதியிருக்கிறாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஓர் உரிமை உண்டு.
ஒற்றைத் தாள். பிழைதிருத்தம்.
பக்கம் 22, ஒரு குற்று விட்டுப்போனது.
பக்கம் 89, "வடமேல்" என்று வரவேண்டும்.
பக்கம் 147,
பதினொன்று என்பதைப்
பன்னிரண்டு என வாசிக்கவும்.

நஸ்லியா முத்திரை குத்தினாள்,
வாசித்துவிட்டுத்தான் குத்தினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஒக்டோபர் மழையோடு அனுமதி வந்தது,
நாற்பத்தொரு நிபந்தனையுடன்.
அதுவும் என்னிடமே வந்தது,
பக்கம் அதே இருநூற்றைம்பது.
நிபந்தனை பதினேழு:
அறிக்கையில் கண்ட கிணறுகள் அனைத்திலும்
மாதமொருமுறை நீர்மட்டம் அளக்கப்படல் வேண்டும்.
இரண்டு மொழிகளில் பதினொரு கிணறு.
ஒன்றில் பன்னிரண்டு.

அழிறப்பர் இன்னும் கைப்பையில்,
முனை தேயாமல்,
பஸ் சில்லறையோடு உருண்டுகொண்டிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் வழக்கமான வரி:
மொழிகளுக்கிடையே முரண்பாடு எழுமிடத்து
சிங்கள உரையே மேலோங்கும்.

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.
பிழையில்லாமல்.